இரைச்சலை அளந்தவர்

முள்வேலித் தந்தி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சிற்றூர் கேலார்ட். அங்கு வளர்ந்த சிறுவன் ஒருவன், அரை மைல் தொலைவிலிருந்த நண்பனின் வீட்டோடு தந்தித் தொடர்பு கொள்ள விரும்பினான். மேய்ச்சல் நிலத்தின் முள்வேலிக் கம்பியே அவனுக்குத் தந்திக் கம்பியாயிற்று. அச்சிறுவனே பின்னாளில் தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட கிளாட் ஷானன்.

1916 ஏப்ரல் 30இல் பிறந்த ஷானன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணிதம், மின்பொறியியல் ஆகிய இரண்டிலும் 1936இல் பட்டம் பெற்றார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1940இல் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டில் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

தீராத சிக்கல்

தொலைபேசிப் பொறியாளர்களுக்கு அக்காலத்தில் பெரும் தொல்லையாக இருந்தது இரைச்சல். தொலைவு கூடக் கூடக் குரல் மெலியும். பெருக்கிகளால் குரலை வலுவாக்கினால், அதனோடு கலந்த இரைச்சலும் வலுவாகும். கம்பியிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்ப இயக்கமே ஓயாத இரைச்சலை உண்டாக்குகிறது என்பதை ஜான்சனும் நைக்விஸ்டும் 1928இல் விளக்கியிருந்தனர். ஆகவே, இரைச்சலை முற்றிலும் நீக்க இயலாது. பிழையின்றிச் செய்தி அனுப்பவும் இயலாது என்றே பலரும் எண்ணினர்.

ஷானன் வேறு வழியில் சிந்தித்தார். அடுத்த நொடியில் எழும் இரைச்சலை எவராலும் முன்னறிய முடியாது. ஆயினும், அதன் சராசரி வலிமையை அளக்கலாம். அதன் போக்கை நிகழ்தகவால் கணிக்கலாம். அவ்வாறு இரைச்சலைக் கணித உருவில் அமைத்து, 1948இல் தம் புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். ஒவ்வொரு தடத்திற்கும் ஒரு வேக எல்லை உண்டு. பட்டை அகலமும், இரைச்சலைவிடச் சைகை எத்தனை மடங்கு வலியது என்பதும் அவ்வெல்லையை முடிவு செய்கின்றன. அதனைத் தாண்டாதவரை, தக்க குறியீட்டு முறையால் பிழையை விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம். இரைச்சல் வேகத்திற்கே எல்லை வகுக்கிறது, துல்லியத்திற்கு அன்று!

எடுத்துக்காட்டாக, 3,000 ஹெர்ட்ஸ் பட்டை அகலமுள்ள தடத்தில் சைகை இரைச்சலைவிட 1,000 மடங்கு வலியதாயின், நொடிக்கு ஏறத்தாழ 30,000 பிட்டுகளே எல்லையாகும்.

செம்புக் கம்பியில் இணையம்

பேச்சுக்கென இடப்பட்ட செம்புக் கம்பியில் அகன்ற அலைவரிசை இணையத்தைச் செலுத்த முனைந்த பொறியாளர்களுக்கு இக்கோட்பாடே வழிகாட்டிற்று. ஏறத்தாழ 11 இலட்சம் ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை 256 சிறு தடங்களாகப் பகுத்தனர். அருகிலுள்ள கம்பிகளின் சைகைகள், வானொலி அலைகள், வீட்டு மின்கருவிகள் ஆகியன தரும் இரைச்சல் எல்லாத் தடங்களிலும் ஒரே அளவில் இராது. எனவே, ஒவ்வொரு தடத்தின் இரைச்சலையும் மோடம் அளந்து, அமைதியான தடத்தில் மிகுதியான பிட்டுகளையும் இரைச்சல் மிக்க தடத்தில் குறைவானவற்றையும் ஏற்றுகிறது. முள்வேலியில் செய்தி அனுப்பிய சிறுவனின் முயற்சி, உலகெங்கும் வீடுகளில் வேறு உருவில் தொடர்ந்தது.

இறுதிக்காலத்தில் ஷானன் மறதிநோயால் துன்புற்றார். தம் கோட்பாடு உலகை இணைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதனை முழுமையாக உணரும் நிலையில் அவர் இல்லை. 2001 பிப்ரவரி 24இல் அவர் மறைந்தார். தடையை வெறுத்து ஒதுக்காமல் அளந்தறிந்தால், அதனூடேயும் வழி காணலாம் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.