சேர்வராயன் மலையடியில் ஒரு நாற்காலி

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஏற்காட்டு மலையை அண்ணாந்து நோக்கும் அந்நகரின் சபையில் 1911-இல் உறுப்பினரானார், 1917-இல் தலைவரானார். பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவருக்கு இது சிறிய நாற்காலியே. ஆயினும் அதிலமர்ந்து ஆற்றிய செயல் சிறிதன்று.

வரி செலுத்துவோர் சிலருக்கே வாக்குரிமை வாய்த்திருந்த காலம் அது. சேரி மக்களுக்கோ பொதுக்கிணறும் மறுக்கப்பட்டிருந்தது. அச்சூழலில், தாழ்த்தப்பட்டோருள் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகரசபை உறுப்பினராவதற்கு இவரே காரணராக நின்றார். வைதிக ஐயங்கார் குடியிற் பிறந்தவர்க்குச் சொந்தத் தெருவின் முகச்சுளிப்பு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அவருடைய 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தை இன்றளவும் ஏற்காத அடியேனும் இதனை மறைத்தல் முறையன்று.

1919-இல் சேலத்தை நீங்கிச் சென்னை சென்றார். 1925-இல் மீண்டது பதவிக்கன்று. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைக்க.