மெக்கானோ பார்த்த மேத்ஸ் வாத்தியார்

நம்ம சிதம்பரத்துக்குப் பக்கத்துல, சீர்காழியில 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அடிப்படையில் மேத்ஸ் வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சீக்கிரமே போரடிச்சு, பழைய வேலையே போதும்னு கேட்டார். படிக்கச் சொல்லி லண்டனுக்கு அனுப்பிட்டாங்க!

அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். சின்னத் துண்டுகளை மாட்டி எதையும் கட்டலாம்னா, ஒரு புத்தகத்தோட சப்ஜெக்ட்டையும் அப்படிக் கட்டலாமே? அதுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்புமுறை. நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே என ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வரிசையா சேர்த்தா அலமாரியில் இடம் ரெடி. புதுசா ஒரு நோய் வந்தாலும் அதற்கொரு எண் சேர்க்கலாம்.

வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தணும் என்பது அவருடைய நான்காம் விதி. 1972-ல் மறைந்தார். மருத்துவக் கல்லூரி லைப்ரரியில் மிச்சமாகும் அந்த நேரம், ஏதோ ஒரு நோயாளியோடது.