சமஷ்டி கண்ட ஜேம்ஸ் மாடிஸன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரத்தில் ஜார்ஜ் வாஷிங்டனை அறியாதார் இலர். அவர் வாளேந்தி மீட்ட நாட்டிற்கு அரசியல் அமைப்பு என்னும் இல்லம் எடுத்துக் கொடுத்தவருள் தலைசிறந்த ஜேம்ஸ் மாடிஸனை நம்மவருள் அறிந்தார் சிலரே. மத்திய அரசாங்கத்திற்கு உரியது யாது, இராச்சியங்களுக்கு உரியது யாது என்னும் வழக்கு எங்கு எழுந்தாலும் எண்ணத் தக்கவர் இவர். ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியுமாறு இவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

மாடிஸன் 1751-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள போர்ட் கான்வே என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தார் பன்னிருவருள் இவரே மூத்தவர். தந்தையார் அடிமைகளைக் கொண்டு புகையிலை பயிரிட்ட பெருநிலக்கிழார். மகனோ குறுகிய யாக்கையும் மெலிந்த குரலும் அடிக்கடி நோயும் உடையவர். பிரின்ஸ்டன் கல்லூரியில் சில ஆண்டுகட்குரிய பாடங்களை இரண்டே ஆண்டில் முடித்து 1771-இல் பட்டம் பெற்றார். உடல் வலியில்லாதான் உலகில் யாது செய்வான் என மனந்தளரும் மாணாக்கர்க்கு யாம் இவரையே எடுத்துக் காட்டுவது வழக்கம்.

1780-இல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற பிரதிநிதிகளுள் இவரே இளையவர். அங்கே கண்ட காட்சி இவர் உள்ளத்தை வருத்தியது. அக்காலத்து உடன்படிக்கையின்படி காங்கிரஸ் போர் தொடுக்கலாம், பிற நாட்டாரோடு உறவு பேசலாம். ஆனால் ஒரு காசேனும் வரி விதித்தல் ஆகாது. பதின்மூன்று இராச்சியங்களிடமும் பணம் வேண்டி நிற்கலாம், அவ்வளவே. தனித்தனி உலை வைத்துவிட்ட தம்பியர் பதின்மூவர் கொடுத்தால் உண்டு, கொடாவிடில் பட்டினி என்றிருக்கும் தமையனை ஒத்தது அச்சபை. இறக்குமதிப் பண்டங்கள் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் சுங்கம் வாங்க இசைவு கேட்டபோது, உடன்படிக்கையைத் திருத்தப் பதின்மூவரும் ஒருங்கே இசைய வேண்டும் என்னும் விதியால், ரோட் ஐலண்டு என்னும் சிற்றிராச்சியம் 1782-இல் மறுத்த மாத்திரத்தில் அம்முயற்சி வீழ்ந்தது. விடுதலைப் போரில் குருதி சிந்திய படைஞர்க்கும் சம்பளம் கொடுக்க வழியில்லை.

இதன் காரணம் யாதென ஆராயப் புகுந்தார் மாடிஸன். பாரிஸில் தூதராயிருந்த நண்பர் ஜெபர்ஸன் அனுப்பிய நூல்களைக் கொண்டு, பண்டைக் கிரேக்கக் கூட்டரசுகள் முதல் ஸ்விட்ஸர்லாந்து, ஹாலந்து ஈறாக ஒவ்வொன்றின் நோயையும் குறித்து வைத்தார். அவர் கண்ட முடிபு இது: மத்திய அரசாங்கம் இராச்சியங்களை நோக்கி ஆணையிடுமளவும் அவ்வாணை வேண்டுகோளே ஆகும், குடிமகனை நேரே நோக்கி ஆணையிட்டாலன்றி அது சட்டம் ஆகாது.

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் மகாநாடு கூடியது. வர்ஜீனியாவின் சார்பில் வைக்கப்பெற்ற திட்டம் பெரும்பாலும் இவர் சிந்தையில் முளைத்ததே. எனினும் இவர் விரும்பியதெல்லாம் நிறைவேறிற்றில்லை. இராச்சியங்களின் சட்டங்களைத் தள்ளிவிடும் அதிகாரம் காங்கிரஸுக்கு வேண்டும் என்றார், மகாநாடு மறுத்தது. செனட் சபையிலும் மக்கள் தொகைக்கேற்ப இடம் வேண்டும் என்றார். சிறிய இராச்சியங்கள் எதிர்த்து நின்று, பெரிதாயினும் சிறிதாயினும் இராச்சியத்திற்கு இருவர் என்று வென்றன. இறுதியில் அமைந்த பங்கீடு வருமாறு: போர், நாணயம், தபால், அயல்நாட்டு வாணிகம், இராச்சியங்களுக்கிடையே நடக்கும் வாணிகம் ஆகியன பெயர் சொல்லி மத்திய அரசாங்கத்திற்கு அளிக்கப்பட்டன. நிலம், திருமணம், தாயபாகம், பள்ளி, ஊர்க்காவல் ஆகியன இராச்சியங்களிடமே நின்றன. வரி விதிக்கும் உரிமையோ இருவர்க்கும் உண்டு. தன் விருப்பம் தோற்ற அமைப்பையே நாடு ஏற்குமாறு, ஹாமில்டன், ஜான் ஜே என்னும் இருவரோடு கூடிப் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளியிட்டார். வர்ஜீனியாவில் பேச்சுவல்லாராகிய பாட்ரிக் ஹென்றியை எதிர்த்து நின்று, 1788-இல் 89 வாக்குக்கு 79 வாக்காக வென்றார்.

அதன்பின் குடிமக்கள் உரிமைத் திருத்தங்களையும் இவரே கொணர்ந்தார். 1791-இல் நிறைவேறிய பத்தனுள் இறுதியானது, மத்திய அரசாங்கத்திற்கு அளிக்கப்படாததும் இராச்சியங்களுக்கு விலக்கப்படாததுமாகிய அதிகாரம் இராச்சியங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் இந்திய அரசியல் அமைப்பு எஞ்சிய அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திற்கே அளித்தது என்பதை ஒப்பிட்டுக் காண்க.

இதுகாறும் மத்திய அரசாங்கத்தின் தோழராயிருந்தவர் இனி மறுபக்கம் நிற்கக் காண்கிறோம். ஹாமில்டன் 1791-இல் தேசீயப் பாங்கி நிறுவ முயன்றபோது, அமைப்பில் பெயர் சொல்லாத அதிகாரம் இஃது என்று எதிர்த்தார். 1798-இல் அரசாங்கத்தை இகழ்ந்து எழுதுவோரைச் சிறையிடும் சட்டம் வந்தபோது, இராச்சியங்கள் குறுக்கே நிற்கலாம் என்னும் வர்ஜீனியத் தீர்மானங்களைத் தம் பெயர் மறைத்து வரைந்தார். 1809-இல் ஜனாதிபதி ஆனார். 1811-இல் பாங்கியின் சாசனம் காலங்கழிந்து ஒழிந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனோடு போர் மூண்டது. கருவூலத்தில் பணமில்லை. மாஸசூஸெட்ஸ், கனெக்டிகட் கவர்னர்கள் தம் நாட்டுப்படையை அனுப்ப மறுத்தனர். 1814 ஆகஸ்டு 24-ஆம் நாள் பகைவர் தலைநகருட் புகுந்து ஜனாதிபதியின் மாளிகையைக் கொளுத்தினர். 1816-இல் மாடிஸனே இரண்டாம் பாங்கிக்குக் கையெழுத்திட்டார். ஆயின் 1817-இல், பதவி நீங்குதற்கு முந்திய நாள், சாலையும் கால்வாயும் அமைக்கும் மசோதாவை, பயனுடையதென்று அறிந்தும், அமைப்பில் இடமில்லையென்று தள்ளினார்.

இவரை நிலையில்லாதவர் என்று பழிப்பார் உளர். தராசின் எத்தட்டு உயர்ந்ததோ அதில் கல்லிட்டவர் என்பதே எம் கருத்து. ஆயினும் 1798-ஆம் ஆண்டுத் தீர்மானங்களை முற்றும் காத்துப் பேச எம்மால் இயலவில்லை. 1832-இல் தென் கரோலினா சுங்கச் சட்டம் தன்னெல்லையில் செல்லாது என்று அறிவித்தபோது, அன்னார் இவர்தம் பழைய எழுத்தையே சான்றாகக் காட்டினர். எண்பது கடந்த கிழவர், ஓரிராச்சியம் தனித்து நின்று நாட்டின் சட்டத்தை அழித்தல் ஆகாது என்று மீண்டும் மீண்டும் எழுதி மறுக்க நேர்ந்தது.

மற்றொரு குறை இன்னும் பெரிது. அடிமைமுறை இராச்சியங்களின் பங்கில் விடப்பட்டது. அது தீது என்பதை மாடிஸன் அறிவார். அறிந்தும் தம் அடிமைகளை இறப்புச் சாசனத்திலும் விடுவித்தாரில்லை. அப்பங்கீட்டின் கணக்கு 1861 முதல் 1865 வரை போர்க்களத்தில் தீர்க்கப்பட்டது.

1836-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் மாடிஸன் காலமானார். பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகளுள் இறுதிவரை எஞ்சியிருந்தவர் இவரே. மகாநாட்டில் நாடோறும் முன்வரிசையில் அமர்ந்து எழுதிய குறிப்புக்களை வாழ்நாளில் வெளியிடாது பேழையில் வைத்திருந்தார். அவற்றைக் காங்கிரஸ் 1837-இல் 30,000 டாலர் கொடுத்து அவர் மனைவியார் டாலி அம்மையாரிடம் வாங்கிற்று; 1840-இல் அவை அச்சேறின. அம்மையாரோ கடன் தொல்லை தாங்காது, 1844-இல் கணவர் வாழ்ந்த மாண்ட்பீலியர் வீட்டையும் நிலத்தையும் விற்றார்.