காது கேட்காத குழந்தை நடக்க ஏன் தாமதமாகிறது? நூறு வருஷத்துக்கு முன்பே வழி காட்டிய ராபர்ட் பாரானியின் கதை

திருவனந்தபுரத்தில் ஆக்குளம் பக்கம் போயிருந்தால் 'நிஷ்' வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்காக 1997-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. இன்னும் பேச்சே வராத வயதுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அங்கே வருகிறார்கள். இந்த விஷயத்தில் கேரளாவைப் பாராட்டத்தான் வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கான 'ஷலபம்' திட்டத்தில் காது பரிசோதனை உண்டு. கேட்காத சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்த 2012-லிருந்து 'ஸ்ருதிதரங்கம்' திட்டம் இருக்கிறது.

சரி, காது கேட்கிறதா என்று பார்த்துவிட்டோம். ஆனால் காதுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறதே? நீங்கள் கீழே விழாமல் நிற்பது, ஓடும் பஸ்ஸிலும் போன் திரையைப் படிக்க முடிவது எல்லாவற்றிலும் உள்காதுக்குப் பங்கு உண்டு. கேட்பதற்கான நத்தைக் கூடும் சமநிலைக்கான மூன்று அரைவட்டக் குழாய்களும் உள்ளே ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இரண்டிலும் ஓடுவது ஒரே திரவம். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கமும் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டாவது வேலையைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று காட்டியவர்தான் ராபர்ட் பாரானி.

முழங்கால் மடங்காத சிறுவன்

1876 ஏப்ரல் 22-ல் வியன்னாவில், ஹங்கேரியப் பின்னணி கொண்ட யூதக் குடும்பத்தில் பிறந்தார் பாரானி. சின்ன வயதிலேயே எலும்பில் காசநோய் வந்து, ஒரு முழங்கால் மடங்காமல் போனது. அப்படியும் டென்னிஸ் ஆடினார், மலை ஏறினார். உடம்பின் சமநிலையை ஆராய வந்தவருக்கு நடையே சிரமம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, 1882-ல், அமெரிக்காவில் ஒரு விசித்திரமான கணக்கெடுப்பு வெளியானது. ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களைச் சுழலவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டுப் பதிவு செய்தார். 519 பேரில் 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஹார்வர்டில் காது கேட்கும் சுமார் 200 பேரிடம் இதையே செய்தபோது, தலை சுற்றாதவர் ஒரே ஒருவர். எண்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. இவ்வளவு பெரிய வித்தியாசம் சும்மா வராது. ஆனால் ஜேம்ஸின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. தலை சுற்றுகிறதா என்பதை அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். கைக்குழந்தை எப்படிச் சொல்லும்?

தண்ணீர் சூடா, குளிரா?

1900-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய பாரானி, 1903-ல் வியன்னாவில் ஆடம் பொலிட்சரின் காது மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அங்கே தினசரி வேலை. கழுவும்போது பலர் தலை சுற்றுவதாகச் சொன்னார்கள். இது எல்லா மருத்துவர்களும் கேட்டுப் பழகிய புகார்தான். நம்மாளு மட்டும் அவர்களின் கண்ணைக் கவனித்தார். கருவிழி ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பி வந்தது, மறுபடியும் மறுபடியும்.

தண்ணீர் குளிராக இருந்தால்தான் தலை சுற்றுகிறது, வெதுவெதுப்பாக இருந்தால் சுற்றுவதில்லை என்றார் ஒரு நோயாளி. இன்னொரு சமயம் தண்ணீர் சூடு அதிகமாகிவிட்டது. அப்போதும் தலை சுற்றியது, ஆனால் கண் துடித்த திசை நேர் எதிராக இருந்தது. இங்கேதான் பாரானிக்குக் குளியலறை பாய்லர் ஞாபகம் வந்தது. அதில் மேல்பக்கம் சூடாக இருக்கும், கீழே தொட்டால் குளிரும். சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். காதுக்குள்ளும் அதேதான் நடக்கிறது: வெப்பம் மாறினால் அரைவட்டக் குழாயிலுள்ள திரவம் நகர்கிறது, தலை சுழல்வதாக மூளை ஏமாறுகிறது, கண்ணை அசைக்கிறது. குழாய் செத்துப்போயிருந்தால் என்ன தண்ணீர் ஊற்றினாலும் கண் பொதுவாக அசையாது.

1983-ல் விண்வெளியில், சூடு மேலே ஏற வழியில்லாத இடத்தில், இதே சோதனையைச் செய்தபோதும் கண் அசைந்தது. ஆக, பாரானியின் விளக்கம் முழுசாகச் சரியில்லை. சோதனை மட்டும் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. அதைவிட முக்கியம், நோயாளி வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணே சொல்லிவிடும்.

கைதி முகாமுக்கு வந்த நோபல்

முதல் உலகப் போரில் கால் ஊனத்தைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவரோ தானாக முன்வந்து பிரெமிஸ்ல் கோட்டையில் ராணுவத்தினருக்கு அறுவை சிகிச்சை செய்யப் போனார். 1915 மார்ச்சில் கோட்டை ரஷ்யர்களிடம் வீழ்ந்தது; பாரானி மத்திய ஆசியாவில் உள்ள மெர்வ் நகரில் போர்க்கைதியானார். மலேரியாவும் வந்தது. 1914-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி அங்கேதான் போய்ச் சேர்ந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ஸ்வீடன் இளவரசர் கார்ல் ரஷ்ய ஜாரிடம் பேசி, 1916-ல் விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

பரிசோடு ஊர் திரும்பினால் மாலை மரியாதை கிடைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மற்றவர்களின் ஆய்வுக்கு உரிய பெயர் தரவில்லை என்று வியன்னா சகாக்கள் குற்றம்சாட்டினார்கள். மனம் கசந்து 1917-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். 1936 ஏப்ரல் 8-ல், அறுபது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, காலமானார்.

இதற்கும் கைக்குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

உள்காதில் சமநிலை உறுப்பு வேலை செய்யாத குழந்தைக்குத் தலை நிற்பது தாமதமாகும், உட்காருவது தாமதமாகும், ஒன்றரை வயதானாலும் நடை வராமல் போகலாம். சில பிள்ளைகள் லேட்டாத்தான் நடக்கும் என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். அல்லது, காது கேட்காததால் எல்லாமே மெதுவாக வருகிறது என்று நினைத்துவிடுவார்கள். கேட்காததால் கால் தாமதமாகாது. இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் பிசியோதெரபியைச் சீக்கிரம் தொடங்கலாம்; கண்ணையும் தசையையும் கொண்டு சமநிலையை ஈடுகட்ட மூளை பழகிக்கொள்ளும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் பயமுறுத்தும். அஷர் நோய்க்குறியின் முதல் வகையில் குழந்தை பிறவியிலேயே காது கேளாமல், சமநிலை உணர்வும் இல்லாமல் பிறக்கிறது. பத்து வயதை எட்டுவதற்குள்ளாகவே இருட்டில் பார்வை மங்கத் தொடங்கலாம். கண்ணில் எதுவும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தாமதமான நடை அதற்கான தடயமாக இருக்கிறது. பார்வையும் போகக்கூடிய குழந்தைக்கு, சைகை மொழியை மட்டும் நம்பலாமா, இம்ப்ளான்ட்டை எவ்வளவு சீக்கிரம் வைப்பது என்ற முடிவுகளே மாறிவிடும்.

கைக்குழந்தையின் காதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வீட்டையே இரண்டாக்கிவிடும். அதனால் இந்த வயதுக்கு வேறு வழி இருக்கிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2018-லிருந்து, காது கேளாமை உறுதியான குழந்தைகளுக்கு ஆறு மாத வயதில் சமநிலைப் பரிசோதனை செய்கிறார்கள். கழுத்தில் சின்ன எலக்ட்ரோடு ஒட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் மெல்லிய அதிர்வு கொடுக்கிறார்கள். புவியீர்ப்பை உணரும் சிறு பை உயிரோடு இருந்தால் கழுத்துத் தசை பதில் தரும். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. அம்மா மடியிலேயே குழந்தையை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் திருப்ப வைத்தால் போதும்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒரு குழந்தைக்குக் காது கேளாமை உறுதியாகியிருந்தால், அடுத்த முறை ஆடியாலஜிஸ்ட்டைப் பார்க்கும்போது தலை எந்த மாதம் நின்றது, எப்போது உட்கார்ந்தது என்று தேதியோடு சொல்லுங்கள். சமநிலையையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.