டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன்

காஞ்சிபுரத்திலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் இன்று ஒருவருக்குத் தலையில் அடிபட்டாலும், வயிற்றில் கட்டியிருப்பதாகச் சந்தேகம் தோன்றினாலும், வைத்தியர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் ஸி.டி. ஸ்கான் என்னும் பரீட்சையைத்தான். தறியில் உட்கார்ந்து சம்பாதித்த கூலியில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, வட்டமான அந்த யந்திரத்துக்குள் படுத்து எழுந்தவர்கள் சின்ன காஞ்சிபுரத்தில் தெருவுக்குச் சிலராவது இருப்பார்கள். யந்திரம் மேனாட்டார் கண்டுபிடித்தது. ஆகையால் அதற்குள் இருக்கும் புத்தியும் முழுவதும் மேனாட்டாருடையதே என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். படித்தவர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள் என்பதுதான் நமக்கு வருத்தம் தருகிறது. உடலின் உட்புறத்தைப் படமாக்குவதற்கு அந்த யந்திரங்கள் நெடுங்காலம் கையாண்டு வந்த கணக்கு முறைகளுள் புகழ்பெற்ற ஒன்றுக்கு, நம் நாட்டவர் இருவரின் பெயர்களைச் சுருக்கி ‘ராம்–லாக்’ என்று உலகமெங்கும் வழங்குகிறார்கள். லாக் என்பது ஏ. வி. லக்ஷ்மிநாராயணன். ராம் என்பது, இன்று நாம் எழுதப் புகுந்திருக்கும் டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன்.

ராமச்சந்திரன் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிப்பது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கலாசாலையில் கணித ஆசிரியராயிருந்து பின்னர் அதன் தலைவராகவும் விளங்கியவர். வீட்டிலேயே கணிதம் கற்ற பையன், திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கலாசாலையில் பௌதிகம் படித்து, 1942-ல் சென்னைச் சர்வகலாசாலையின் ஆனர்ஸ் பரீட்சையில் முதல்வராகத் தேறினார்.

1942 என்றதும் நம் நேயர்களுக்கு நினைவுக்கு வருவது ஆகஸ்டுப் புரட்சி. வாலிபர் பலர் கலாசாலையை விட்டுச் சிறைக்குச் சென்ற அதே ஆண்டில் ராமச்சந்திரன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது நமது நோக்கமன்று. சுதந்திரத்தை வாங்குவதற்கு ஆள் வேண்டியிருந்தது போலவே, வாங்கிய சுதந்திரத்தில் தேசம் யாருக்கும் அடிமைப்படாமல் சிந்திப்பதற்கும் ஆள் வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லுகிறோம்.

பெங்களூரில் அவர் முதலில் சேர்ந்தது மின்சார எஞ்சினீயரிங் பகுதியில். ஆனால் அங்கே பௌதிகப் பகுதியில் ஸர் ஸி. வி. ராமன் இருந்தார். இந்தப் பையனின் கூர்மை மின்சாரப் பகுதிக்கு மிகையானது என்று சொல்லி, ராமன் அவரைத் தம் பகுதிக்கு இழுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அங்கே வைரக் கற்களின் உள்ளமைப்பை எக்ஸ் கிரணங்களால் படமெடுக்கும் ஆராய்ச்சியில் ராமச்சந்திரன் ஈடுபட்டார். கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தை வெளியே நின்றுகொண்டு அறிவது என்ற ஒரே விருப்பம் அன்று தொடங்கி அவரை விடவேயில்லை.

1947-ல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அதோடு படிப்பு முடிந்ததென்று பெரும்பாலோர் உத்தியோகம் தேடுவார்கள். அவரோ அதன் பிறகும் மாணாக்கராகவே கேம்பிரிட்ஜுக்குச் சென்று, கேவண்டிஷ் ஆராய்ச்சிசாலையில் வூஸ்டர் என்பவரிடம் இரண்டு ஆண்டுகள் வேலை செய்து, அங்கும் ஒரு டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பிறகு, நிலையான உத்தியோகம் கிடைக்கும் முன், பிறருடைய ஆராய்ச்சிசாலையில் கைப்பழக்கம் பெறும் இந்தக் காலமே ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையில் விதைப்புக் காலம். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைப்பற்றிப் பின்னால் சொல்லவேண்டியது இருக்கிறது.

1949-ல் அவர் தாய்நாடு திரும்பினார். 1952-ல், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு ராமனையே அழைத்தார். ராமன் தாம் வர மறுத்து, தம் மாணாக்கரின் பெயரைச் சொன்னார். முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவரிடம் ஒரு பகுதி முழுவதையும் ஒப்படைக்கும் துணிவு முதலியாருக்கு இருந்தது. அந்தத் துணிவுக்குக் கிடைத்த பலன் வெகு விரைவில் உலகத்துக்குத் தெரிந்தது.

பேராசிரியரான புதிதில், ஆங்கில விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்தார். தோலிலும் எலும்பிலும் நரம்பு நாரிலும் நிறைந்திருக்கும் கொல்லாஜென் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் பேசும்போது தெரிந்தது. கிண்டியில் சர்வகலாசாலைக்கு அண்டையில் இருந்தது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கங்காருவின் வாலிலுள்ள நாரைப் பெற்று, எக்ஸ் கிரணப் படங்களை எடுத்தார்கள். இவ்வேலையில் அவருக்கு வலக்கையாயிருந்தவர் கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆராய்ச்சியாளர். 1954-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் இருவரும் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள்.

அம்முடிவு நம்மூர் நெசவாளருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கினால் ஓரிழைக்கு இல்லாத உறுதி வருமென்பது பட்டு நூலைத் தொட்டவர் அனைவரும் அறிந்ததே. கொல்லாஜெனும் அவ்வாறே மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய கயிறு. மூன்றும் நெருங்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகையால் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓரிடத்தில் எல்லாவற்றிலும் சிறியதான கிளைஸின் என்னும் அமிலமே அமர முடியும். அரிய சாதனங்கள் நிறைந்த மேனாட்டு ஆராய்ச்சிசாலைகள் தேடிக்கொண்டிருந்த விடையை, சென்னையில் இருந்த சில எளிய கருவிகள் தந்தன. இன்று தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கூட்ட மண்டபத்துக்கு அந்த மும்முறுக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் என்னும் இருவர், சில அணுக்கள் இருக்கத்தகாத அளவு நெருங்கியிருப்பதாகவும், சங்கிலிகளுக்கிடையேயுள்ள பிணைப்புகளின் எண்ணிக்கை சரியன்று என்றும் வாதித்தார்கள். பிணைப்பைப்பற்றிய அவர்களுடைய வாதத்துக்கே பின்னர் பெரும்பாலும் ஆதரவு கிடைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. மும்முறுக்கு என்ற அடிப்படை மட்டும் அசையாமல் நின்றது. நம்மில் பலர் இப்படிப்பட்ட சமயத்தில் மானம் போயிற்றென்று சோர்ந்துவிடுவோம். அல்லது வெள்ளையர் பொறாமை என்று சொல்லித் தேற்றிக்கொள்வோம். ராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு, அதுவரை வெளியாகியிருந்த படிக ஆராய்ச்சிகளையெல்லாம் அலசினார். அதன் பயனாக 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் இளைஞர் இருவருடன் அவர் வெளியிட்ட வரைபடம், எந்தப் புரதச் சங்கிலியும் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்பவியலாது என்று காட்டியது. இன்றும் உலகில் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள், அதைச் சரிபார்க்க ராமச்சந்திரன் படத்தையே நாடுகிறார்கள்.

இனி ஸி.டி. ஸ்கானுக்கு வருவோம். நியாயஸ்தலத்தில் சாட்சி விசாரணை செய்து பழகிய நமக்கு இதன் தத்துவம் எளிதில் பிடிபடுகிறது. உடலினூடே புகுந்து வெளிவரும் ஓர் எக்ஸ் கிரணம், வழியில் மொத்தம் எவ்வளவு தடை இருந்தது என்று மட்டுமே சாட்சி சொல்லும். அத்தடை எந்த இடத்தில் இருந்தது என்று அதற்குத் தெரியாது. ஆகையால் பல கோணங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிரணங்களைச் செலுத்தி வாக்குமூலம் வாங்குகிறார்கள். ஒவ்வொன்றையும் அது வந்த வழி நெடுகத் திரும்பப் பரப்பி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் ஓர் உருவம் தோன்றும். ஆனால் அது மங்கலாயிருக்கும்; ஒன்றுமில்லாத இடத்தின்மீதும் நிழல் படிந்திருக்கும். மொத்தக் கணக்கில் பேசும் சாட்சிகளை அப்படியே நம்பினால் நிரபராதியும் கறைபடுவான் அல்லவா? இக்கறையை நீக்கப் பூரியே என்ற பிரெஞ்சுக் கணிதர் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு. ஆயினும் அது அந்நாளையக் கணக்கு யந்திரங்களுக்குப் பெரும் பாரமாயிருந்தது.

1971-ல், அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகச் சஞ்சிகையில் ராமச்சந்திரனும் லக்ஷ்மிநாராயணனும் ஒரு குறுக்கு வழியைக் காட்டினார்கள். ஒவ்வோர் அளவையும் பரப்புவதற்கு முன்னரே, அதன் இருபுறமும் உள்ள அளவுகளில் ஒரு சிறு பங்கை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். அண்டை அளவுகளுள் ஒன்றுவிட்டு ஒன்றே கணக்கில் சேரும். தூரம் மும்மடங்கானால் கழிக்கும் பங்கு ஒன்பதில் ஒன்றாகக் குறையும். வெறும் பெருக்கலும் கழித்தலுமான இந்தக் காரியம் மங்கலை நீக்கிவிடுகிறது. கணக்கிடும் காலமும் குறைகிறது. வானொலி அலைகளால் வானத்தை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் என்னும் இருவர் 1967-லேயே இதையொத்த முறையைக் கண்டிருந்தார்கள் என்பதையும் நாம் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். எக்ஸ் கிரணப் படங்களுக்கு இதை வகுத்துக் காட்டிய பெருமை நம்மவருக்கே உரியது.

அதே 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, லண்டனையடுத்த விம்பிள்டனில், ஹவுன்ஸ்பீல்டு செய்த யந்திரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமாயிற்று. ஹவுன்ஸ்பீல்டும், கணித வழி கண்ட கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் அதற்கு முற்றும் தகுதியுடையவர்களே. ஹவுன்ஸ்பீல்டின் முதல் யந்திரம் ராம்–லாக் முறையில் வேலை செய்ததும் அன்று. பின்வந்த யந்திரங்களில்தான் அவ்வகைக் கணக்கு நிலைபெற்றது. பரிசு பறிபோயிற்று என்று புலம்புவதில் நமக்கு விருப்பமில்லை.

சின்ன காஞ்சிபுரத்தார் ஒரு விஷயத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். இவ்வூரில் 1909-ல் பிறந்து தமிழ்நாட்டின் முதல் மந்திரியாக உயர்ந்த ஸி. என். அண்ணாதுரை அவர்கள், உணவுக் குழாயில் புற்று நோய் கண்டு, 1968-ல் நியூயார்க் சென்று ரண சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். ஸி.டி. ஸ்கான் அன்று உலகில் எங்குமே இல்லை. முதல் அமைச்சருக்கும் இல்லை, அமெரிக்க தனவந்தருக்கும் இல்லை. இன்று அவர் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் புற்று நோய் ஆஸ்பத்திரி நடக்கிறது. அங்கே வரும் ஏழைக்குக்கூட அவர் காலத்தில் இல்லாத உதவியை விஞ்ஞானம் தேடித் தந்திருக்கிறது. அவ்வுதவியில் சென்னைப் பேராசிரியர் ஒருவரின் கணக்கும் கலந்திருக்கிறது.

இனி நாம் முன்னே குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறோம். மும்முறுக்கைக் கண்ட கர்த்தா என்ன ஆனார்? அமெரிக்காவில் பபலோ நகரத்துப் புற்று நோய் ஆராய்ச்சிசாலைக்குச் சென்று, 1967-ல் வேறிருவருடன் சேர்ந்து ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டு புகழ் பெற்றார். லக்ஷ்மிநாராயணனும் அதே பபலோவுக்குச் சென்று, விசிறிபோல் விரியும் கிரணங்களுக்கும் பொருந்துமாறு 1975-ல் தம் கணக்கை விரித்தார். நாம் அவர்களைக் குறை கூறவில்லை. பூமி விளைவித்த நெல்லை வைத்துக்கொள்ளக் களஞ்சியம் இல்லாதவன், நெல்லைக் குறை கூறுவானா? ராமச்சந்திரனும் முதலியார் விலகிய பின் சென்னையில் நிலைக்கவில்லை. பெங்களூரில் மூலக்கூறு உயிர்ப் பௌதிகத்துக்கென ஒரு பகுதியை நிறுவி, சிகாகோவிலும் ஆண்டின் ஒரு பகுதியைக் கழித்தார்.

டாக்டர் பட்டம் பெற்றும் நிலையான பதவியின்றி ஆராய்ச்சிசாலைகளில் உழைக்கும் இளைஞர்களின் நிலை இன்றும் பெரிதும் மாறிவிடவில்லை. உபகாரச் சம்பளத்தை உயர்த்தும்படி கேட்டு அவர்களும் மற்ற ஆராய்ச்சி மாணவர்களும் வீதியில் இறங்கிய பிறகே, மத்திய சர்க்கார் 2019-ல் பட்டம் பெற்ற ஆராய்ச்சித் துணைவர்களுக்கு மாதம் 47,000 முதல் 54,000 ரூபாய் வரை நிர்ணயித்தது. 2023-ல் அது 58,000 முதல் 67,000 வரை ஆயிற்று. தொகையாவது ஏறியது; தவணை முடிந்தபின் என்ன செய்வது என்ற கவலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனாலும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. ராமச்சந்திரன் நடமாடிய அதே கிண்டிப் பகுதியில், சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையத்தார் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகவே அளித்திருக்கிறார்கள். இத்தகைய காரியம் ஒருவர் இருவரால் ஆவதன்று. பெயர் தெரியாத இளைஞர் பலரின் கண்ணுழைப்பு அதில் இருக்கிறது.

ராமச்சந்திரனுக்கு 1961-ல் பட்நாகர் பரிசும், 1977-ல் லண்டன் ராயல் சங்க அங்கத்தினர் பதவியும், 1999-ல் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசும் கிடைத்தன. மனைவியார் ராஜலக்ஷ்மி அம்மாள் 1998-ல் காலமான பின் அவர் உடல் தளர்ந்து, 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் மறைந்தார். அவர் புதல்வர் ரமேஷ் நாராயண் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வானசாஸ்திரப் பேராசிரியர்.

இவருக்குச் சிலை எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. நாம் கேட்பவை மூன்று. முதலாவது, ஆராய்ச்சி இளைஞரின் உபகாரச் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் அவர் கைக்குச் சேரவேண்டும். இரண்டாவது, நம் சர்வகலாசாலைகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பதவிகளைத் தகுதி ஒன்றையே பார்த்து நிரப்ப வேண்டும். மூன்றாவது, முப்பது வயதுக்குட்பட்டவரிடமும் பொறுப்பை ஒப்படைத்த லக்ஷ்மணசாமி முதலியாரின் துணிவு இன்றைய துணைவேந்தர்களுக்கும் வரவேண்டும். இம்மூன்றும் சர்க்காரின் கையில் இருப்பவை. சர்க்காரைக் கேட்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சாலையையும் சாக்கடையையும்பற்றிக் கேட்கும் நம் ஊழியர்கள், இனி இதையும் சேர்த்துக் கேட்பார்களாக.