ஒலிம்பிக்கா, இங்கிலாந்து டூரா? எம்.ஜே.கோபாலன் எடுத்த முடிவு!

இந்திய ஹாக்கி டீம், கிரிக்கெட் டீம் ரெண்டும் ஒரே நேரத்துல கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க? எம்.ஜே.கோபாலனுக்கு வந்த சிக்கல் இதுதான்.

1909-ல் செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கொல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே நவம்பரில், சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் இவரே. 1935-ல் தயான்சந்த் டீமோட நியூசிலாந்தில் ஹாக்கி.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுட்டு, கிரிக்கெட்டுக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஹாக்கி டீம் ஜெர்மனியை 8-1 என நொறுக்கித் தங்கம் வென்றது. கோபாலனுக்கோ அங்கே ஒரு டெஸ்ட்லகூட இடம் கிடைக்கல. கடைசிவரை அந்த ஒரே டெஸ்ட்தான்!

ஆனா, சென்னை அவரை மறக்கல. சென்னையும் இலங்கையும் மோதிய தொடருக்கு, அவர் வாழும்போதே கோபாலன் டிராஃபின்னு பேர் வெச்சாங்க. 2003-ல், 94 வயதில் மறைந்தார்.