பொலிஸார் மீதான முறைப்பாட்டை யார் விசாரிப்பது? ஆர்தர் மலோனி என்ற சட்டத்தரணியின் கதை

1952 டிசம்பர் 16. நள்ளிரவு கடந்து சிறிது நேரம். கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள டொன் சிறைச்சாலையில் ஸ்டீவ் சுச்சன், லெனார்ட் ஜக்சன் ஆகிய இருவர் தூக்கிலிடப்பட்டனர். அந்த வருடம் மார்ச் மாதம் எட்மண்ட் டொங் என்ற துப்பறியும் பொலிஸ் உத்தியோகத்தரைச் சுட்டுக் கொன்றதாக அவர்கள் மீது குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தது. இருவரும் வங்கிக் கொள்ளைகளால் பெயரெடுத்த 'பொய்ட் கும்பலை'ச் சேர்ந்தவர்கள். ஜக்சனுக்கு ஒரு பாதம் கிடையாது. தனது மரக்காலுக்குள் அரத்தாள்களை மறைத்து வைத்திருந்து, கூட்டாளிகளுடன் ஒருமுறை அதே சிறையை உடைத்துத் தப்பியவர். அன்றைய ரொறன்ரோவில் அவர்களுக்காக இரங்கியவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஜக்சனுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஆர்தர் மலோனி. அப்போது அவருக்கு வயது 32. வழக்கில் தோற்றார், கட்சிக்காரர் தூக்குமேடைக்குப் போனார்.

இருபத்திரண்டு வருடங்களின் பின்னர் அதே நகரத்தின் பொலிஸ் ஆணையாளர் சபை அவரைத் தேடி வந்தது. பொலிஸாருக்கு எதிராகப் பொதுமக்கள் கொடுக்கும் முறைப்பாடுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி சபை அவரிடம் கேட்டது. பொலிஸ்காரரைக் கொன்றவருக்காக வாதாடிய ஒருவரிடம் இந்தப் பொறுப்பு ஏன் கொடுக்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, அவரது வாழ்க்கையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மலோனி 1919 நவம்பர் 26ஆம் திகதி, ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்கே, ஒட்டாவா பள்ளத்தாக்கிலுள்ள எகன்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் அரசியல் புழங்கியது. தந்தை கனடிய நாடாளுமன்றத்தில் கொன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினராக இருந்தவர். சகோதரர் ஜேம்ஸ் பிற்காலத்தில் ஒன்ராறியோவின் சுரங்கத்துறை அமைச்சரானார். ஆர்தர் சட்டம் படித்து ரொறன்ரோவில் குற்றவியல் சட்டத்தரணியானார். எதிரிக் கூண்டில் நிற்பவர்களுக்காகப் பேசுவதே அவரது தொழிலாயிற்று.

அந்தக் காலத்தில் பணமில்லாதவர்களுக்குச் சட்டத்தரணி கிடைப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒன்ராறியோவில் அரச நிதியில் இயங்கும் முறையான சட்ட உதவித் திட்டம் 1967இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஊரே வெறுக்கும் ஒருவருக்கும் அவர் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஒரு குரல் இருக்க வேண்டும் என்பது மலோனி கடைசிவரை கைவிடாத கொள்கை.

தூக்குத் தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று அவர் பல வருடங்கள் பகிரங்கமாக வாதாடினார். 1957இல் ரொறன்ரோவின் பார்க்டேல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அதே தேர்தலில் பிரதமரான ஜோன் டீஃபன்பேக்கரும் குற்றவாளிகளுக்காக வாதாடிய சட்டத்தரணிதான். மரண தண்டனையை வெறுத்தவர்தான். ஆனாலும் அந்த அரசாங்கத்தால் தண்டனையை முற்றாக ஒழிக்க முடியவில்லை. 1961இல் கொலைக் குற்றத்தை இரண்டு வகையாகப் பிரித்து, தூக்கின் எல்லையைச் சுருக்கியதோடு நின்றுவிட்டது. 1962 தேர்தலில் மலோனி தொகுதியை இழந்தார். அந்த டிசம்பரில் டொன் சிறையில் இன்னும் இருவர் தூக்கிலிடப்பட்டனர். கனடாவில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனைகள் அவை. 1976 ஜூலையில் 130க்கு 124 என்ற வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தபோது, ஜக்சன் இறந்து 24 வருடங்கள் நெருங்கியிருந்தன.

பதவியில் இல்லாதபோதும் மலோனியின் குணம் மாறவில்லை. 1966இல் கட்சிக்குள் டீஃபன்பேக்கருக்கு எதிரான அலை எழுந்தது. கட்சித் தலைவர் பதவிக்குப் புதிய தேர்தல் கோரியவர்களின் பக்கம் காற்று வீசியது. அப்போது மலோனி பழைய தலைவருக்காகக் களமிறங்கி, கட்சியின் நிர்வாகத் தலைவர் பதவிக்கு டோல்டன் காம்ப் என்பவரை எதிர்த்துப் போட்டியிட்டார். சொற்ப வாக்குகளால் தோற்றார். எல்லோரும் விட்டு விலகும் ஒருவருக்காக எழுந்து நிற்பது அரசியலிலும் அவருக்கு வழக்கமாக இருந்தது.

இனி 1974க்கு வருவோம். ரொறன்ரோ அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்த நகரம். கரீபியன் தீவுகளிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்தனர். கைது செய்யப்பட்டவர்களைப் பொலிஸார் தாக்குவதாக வந்த செய்திகள் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. பாதிக்கப்பட்டவர் யாரிடம் போவது? பொலிஸாரிடமே முறைப்பாடு கொடுக்க வேண்டும். பொலிஸாரே விசாரிப்பார்கள். முடிவும் அவர்களுடையதே. பொலிஸ் நிலையத்தில் நடந்ததைப் பற்றி அதே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு விடயத்தை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ரொறன்ரோ பொலிஸ் அப்போதும் ஒரு சபையின் கீழ்தான் இயங்கியது. அந்த நகரத்தில் பொலிஸ் ஆணையாளர் சபை 1858ஆம் ஆண்டிலிருந்தே இருந்து வந்தது. பொலிஸ் தலைமை அதிகாரியை நியமிப்பது, கொள்கை வகுப்பது, வரவுசெலவைப் பார்ப்பது போன்றவை இத்தகைய சபைகளின் வேலை. இது நிர்வாகம். ஆனால் ஒரு தனி மனிதர், தன்னை ஒரு பொலிஸ்காரர் அடித்ததாக முறையிடும்போது அதன் உண்மையைக் கண்டறிவது வேறு வேலை. அது மேற்பார்வை. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று பலர் நம்பியிருந்தனர். அப்படி வரவில்லை என்பதை ரொறன்ரோவின் அனுபவம் காட்டியது.

மலோனி இரு தரப்பையும் கேட்டார். குறுக்கு விசாரணையில் பொலிஸ்காரர்களைப் பல வருடங்கள் எதிர்கொண்டவர் அவர். அவர்களுடைய வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதும் அவருக்குத் தெரியும். எட்மண்ட் டொங்கின் மரணத்தை வழக்கேடுகளில் வரிவரியாகப் படித்தவர். பொய்யான முறைப்பாட்டினால் ஒரு உத்தியோகத்தரின் வாழ்வு கெட்டுப் போகலாம், உண்மையான முறைப்பாடு மூடி மறைக்கப்பட்டால் ஒரு குடிமகனின் வாழ்வு கெட்டுப் போகலாம் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடியவர் என்பதாலேயே அவரது சொல்லுக்கு மதிப்பிருந்தது.

1975இல் அவரது அறிக்கை வெளியானது. அதன் சாரம் எளிமையானது. முதல் விசாரணையைப் பொலிஸாரின் முறைப்பாட்டுப் பிரிவே செய்யலாம். ஆனால் அதன் மேல் பொலிஸைச் சாராத ஒரு முறைப்பாட்டு ஆணையாளர் இருக்க வேண்டும். திருப்தியடையாத குடிமகன் அவரிடம் போகலாம். சீருடை அணியாத ஒருவரின் கண் எல்லா முறைப்பாடுகள் மீதும் இருக்க வேண்டும்.

இதை ஒரு சமரசம் என்றே சொல்ல வேண்டும். முதல் விசாரணை பொலிஸார் கையில் இருக்கும்வரை சாட்சியங்கள் கலையும், சாட்சிகள் அஞ்சுவார்கள் என்பது இத்தகைய ஏற்பாடுகள் மீது அன்றும் இன்றும் வைக்கப்படும் விமர்சனம். அதில் நியாயம் உண்டு. பொலிஸாரையும் அரசியல்வாதிகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடிய அளவுக்கே மலோனி போனார் என்று தோன்றுகிறது. அந்த அளவைக்கூட அதிகாரத்தில் இருந்தவர்கள் உடனே ஏற்கவில்லை.

அதே 1975இல் ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ், மலோனியை மாகாணத்தின் முதலாவது குறைகேள் அதிகாரியாக, அதாவது ஒம்புட்ஸ்மனாக நியமித்தார். அரச திணைக்களங்களுக்கு எதிரான மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் பதவி அது. சிறைக் கைதிகளின் குறைகளும் அவரிடம் வந்தன. ரொறன்ரோவுக்குக் கிழக்கே வடக்கு பிக்கரிங் பகுதியில் புதிய நகரம் ஒன்றுக்காக அரசாங்கம் மக்களின் காணிகளை வாங்கியதில் அநீதி நடந்ததா என்ற கேள்வியும் வந்தது. காணி இழந்தவர்களின் பக்கம் நின்று அவர் அரசாங்கத்துடன் மோதினார். ஆனால் நகரப் பொலிஸ் அவரது அதிகார எல்லைக்குள் இல்லை. பொலிஸ் முறைப்பாடுகளைப் பற்றி முழுமையாக ஆராய்ந்து எழுதிய மனிதர், மாகாணத்தின் குறைகேள் அதிகாரியாக இருந்துகொண்டே, ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருவர் மீதான முறைப்பாட்டைத் தொட முடியாதவராக இருந்தார். 1978இல் பதவி விலகினார்.

இதற்கிடையில் 1976இல் நீதியரசர் டொனால்ட் மொரண்ட் தலைமையிலான ஆணைக்குழு, ரொறன்ரோ பொலிஸார் மீதான குறிப்பிட்ட குற்றச்சாட்டுகளை விசாரித்து, அவற்றில் சில உண்மை என்று கண்டது. (மலோனிக்குப் பின் குறைகேள் அதிகாரியானவரும் இந்த மொரண்ட்தான்.) அறிக்கைகள் அடுக்கிக்கொண்டே போயின. சட்டம் வரவில்லை.

1979 ஓகஸ்ட் 26ஆம் திகதி அல்பேர்ட் ஜோன்சன் என்ற 35 வயது ஜமேக்கக் குடியேற்றவாசியைப் பொலிஸார் அவரது வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றனர். பொலிஸார் தன்னைத் துன்புறுத்துவதாக அவர் அதற்கு முன்னரே மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தவர். இரண்டு உத்தியோகத்தர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது, இருவரும் விடுதலையாகினர். கறுப்பின மக்கள் வீதிக்கு வந்தனர். நகர ஆட்சியாளர்கள் பேராயர் எமெட் கார்ட்டரிடம் ஆலோசனை கேட்டனர். பொலிஸார் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க மக்கள் நம்பக்கூடிய ஒரு முறை வேண்டும் என்று அவரும் சொன்னார். மலோனியின் அறிக்கை அப்போது நான்கு வருடங்களாக அலுமாரியில் இருந்தது.

1981 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடும் குளியலகங்களைப் பொலிஸார் சுற்றிவளைத்து ஏறத்தாழ 300 பேரைக் கைது செய்தனர். மறுநாள் இரவு ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். அந்த வருடம்தான் சட்டம் வந்தது. மூன்று வருடப் பரீட்சார்த்தத் திட்டமாக, சிட்னி லிண்டன் என்ற சட்டத்தரணி முதலாவது பொதுமக்கள் முறைப்பாட்டு ஆணையாளராக நியமிக்கப்பட்டார். பொலிஸார் முதலில் விசாரிப்பார்கள். முதல் 30 நாள்களுக்குப் பின் ஆணையாளர் தாமே விசாரணையை எடுத்து நடத்தலாம். தேவையென்றால் சுயாதீன விசாரணைச் சபை ஒன்று உத்தியோகத்தருக்குத் தண்டனை விதிக்கலாம். மலோனி வரைந்த கோடு பெரும்பாலும் அதில் தெரிந்தது.

1984இல் அந்தத் திட்டம் நிரந்தரச் சட்டமாகியது. அதே வருடம் செப்டெம்பர் 20ஆம் திகதி, 64 வயதில், மலோனி காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1990இல் பொலிஸாரால் ஒருவர் இறந்தாலோ பாரதூரமாகக் காயமடைந்தாலோ விசாரிக்கும் விசேட புலனாய்வுப் பிரிவு ஒன்ராறியோவில் உருவானது. அதன் பணிப்பாளராகப் பொலிஸ்காரரோ முன்னாள் பொலிஸ்காரரோ இருக்க முடியாது. முதல் விசாரணையே வெளியாரிடம் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை, மலோனி போகாத தூரத்துக்கு விடயத்தைக் கொண்டுசென்றது. மறுபுறம் 1997இல் முறைப்பாட்டு ஆணையாளர் பதவியே ஒழிக்கப்பட்டு, சாதாரண முறைப்பாடுகள் மீண்டும் பொலிஸ் தலைமை அதிகாரிகளின் கைக்குப் போயின. பன்னிரண்டு வருடங்களின் பின், 2009இல் சுயாதீன அலுவலகம் ஒன்று மறுபடி திறக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் புதிய சட்டத்தின் கீழ் வேறொரு பெயரில் அது இயங்குகிறது. கொடுத்ததை எடுத்தார்கள், எடுத்ததைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்க வேண்டியிருந்தது.

மலோனி இறந்த காலத்தில்தான் 1983 ஜூலைக்குப் பின் தப்பியோடிய எங்கள் மக்கள் ரொறன்ரோவுக்குப் பெருமளவில் போய்ச் சேரத் தொடங்கியிருந்தனர். இன்று ஸ்காபரோவில் வாழும் எங்கள் உறவினரின் பிள்ளையைப் பொலிஸார் வீதியில் மறித்து அடித்தால், அந்தப் பிள்ளை முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே கொண்டுபோகலாம். அந்த வழி குறைகள் நிறைந்தது, மெதுவானது, சிலவேளை ஏமாற்றுவது. ஆனாலும் அது இருக்கிறது. பொலிஸ்காரரைக் கொன்றவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்று 1952இல் எழுந்து நின்ற ஒரு சட்டத்தரணி, பொலிஸாரால் அடிபட்டவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்று 1975இல் எழுதிவைத்ததில் அந்த வழியின் ஒரு பகுதி தொடங்கியது. எழுதியது சட்டமாக ஆறு வருடங்கள் எடுத்தன. அந்த ஆறு வருடங்களுக்குள் அல்பேர்ட் ஜோன்சன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு உயிரிழந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.